மஃரிபுக்குப் பிறகு பூசுகிற வாசம்

இந்தக் கதையில் ஒருத்திக்கு இன்னொருத்தி மேல் கோபம். சின்னக் கோபம் இல்லை, மக்களே. நீங்கள் யார் பக்கம் வேண்டுமானாலும் நின்றுகொள்ளுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கோபப்பட்டவள் பெயர் ஜன்னத். கடையநல்லூர்க்காரி. நாற்பது வயசு, ஒல்லி உடம்பு, குழந்தை கிடையாது. அவள் மாப்பிள்ளை பரீது துபாயில் ஒரு அத்தர் கடையில் இருந்தான். விற்கிற வேலை இல்லை, கலக்குகிற வேலை. எந்த எண்ணெயோடு எதைச் சேர்த்தால் என்ன வாசம் வரும் என்று அவன் மூக்குக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான்.

கடைசியாக வந்தது சாரல் நேரம். ரெண்டு பேரும் குற்றாலம் போனார்கள். ஊரே அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்க, இவன் ஐந்தருவி ரோட்டுக் கடைகளில் ஜாதிபத்திரியையும் கிராம்பையும் கையில் கசக்கி மோந்துகொண்டே நின்றான்.

"குளிக்க வந்தியளா, கொழம்புக்குச் சாமான் வாங்க வந்தியளா?" என்று ஜன்னத் கேட்டாள்.

"ஒனக்குத்தான்ட்டி. இந்த மலையில வெளஞ்சத வச்சு ஒரு வாசம் கலக்கப் போறேன். பகல்ல போடுத வாசம் வேற. அது ஓடியாடித் திரியணும். பொழுது அடைஞ்ச பெறவு போடுத வாசம் ஒரு எடத்துல கால மடக்கி ஒக்காரணும். நாம எந்திரிச்சுப் போன பெறவும் அது அங்கனயே இருக்கணும்."

ஒரு பொட்டலம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். மூன்று மாதம் கழித்து அவன் குரல் பதிவாகிப் போனில் வந்தது. ஜன்னத் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்குக் கிடையாது.

"ஏட்டி ஜன்னத்து, முடிஞ்சுட்டு. ஊது பாதி. அதாம்ட்டி, அகில் எண்ணெ. ரோஜா கால் பங்கு. குங்குமப்பூ கண்ணால பாத்த அளவு. நம்ம குத்தாலத்து ஜாதிபத்திரியும் கிராம்பும் நாப்பது நாளு இருட்டுல ஊறிச்சு. தேன் நெறத்துல இருந்தது இப்ப கறுத்துட்டு. ஒரே ஒரு குப்பிதான். எந்தக் கடையிலயும் கெடையாது. பொழுது அடைஞ்சு மஃரிபு தொழுத பெறவுதான் போடணும், விசேஷத்துக்குத்தான் போடணும். மீன் வாங்கப் போகும்போது போட்டுட்டுப் போயிராத, என்ன?"

கடைசியில் அவனே சிரிப்பான். அந்தச் சிரிப்போடு முடியும்.

அதற்கப்புறம் இருபது நாள்தான். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திரிக்கவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள். ஜன்னத் முகம் பார்க்கவில்லை. அவனோடு அறையில் இருந்தவர்கள் அவன் சாமானை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினார்கள்.

அந்தப் பெட்டி வந்தபோது ஜன்னத் இத்தாவில் இருந்தாள். மாப்பிள்ளை மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும். நகை கிடையாது, பூ கிடையாது, வாசனை என்று எதையும் தொடக்கூடாது. பெட்டியைப் பிரிக்க வந்தது பரீதின் அக்கா ஹாஜரா பீவி. அதே தெருவில் மாடிவீடு. மகன் ஹுஸைஃபா ஜித்தாவில், மகள் நஸீபா காலேஜில். ஹாஜரா பீவி ஒரு கல்யாணத்துக்கு வந்தால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தானாக நாற்காலியை நகர்த்தி நடுவில் இடம் விடுவார்கள். அப்படி ஒரு தோரணை.

கூடத்தில் அவள் கத்தியால் டேப்பை அறுத்தாள். உள்ளறையில் இருந்த ஜன்னத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் வாசம் வந்தது. பழைய மரத்தைப் புகை போட்ட மாதிரி. அதற்குக் கீழே ரோஜா. அதற்கும் கீழே குற்றாலத்துக் கடை வாசல்.

"மயினி, அது குப்பியா?"

"ஆமாட்டி. கறுத்த குப்பி. மூடி லேசாக் கசிஞ்சிருக்கு."

இங்கேதான் ஜன்னத் தவறு செய்தாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணாவது ஓடிவந்து அந்தக் குப்பியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். இவள் எழுந்து கதவைச் சாத்தினாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மயினி, அதை ஒங்க வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. வாசம் எனக்கு ஆகாது. மோந்தாலே இத்தா கொறஞ்சு போகுமோன்னு பயமா இருக்கு. முடிஞ்ச பெறவு வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

கண்ணால் பார்க்கவில்லை. கையால் தொடவில்லை. தானே கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நாலு மாதம் பத்து நாள் முடிந்த அன்று, குளித்து, வெள்ளைச் சேலையை மாற்றி, நேராக மாடிவீட்டுக்குப் போனாள்.

"எந்தக் குப்பி?" என்றாள் ஹாஜரா பீவி.

"அவுக பெட்டியில வந்தது மயினி. ஒங்ககிட்டதான் குடுத்தேன்."

"பெட்டியில ரெண்டு கைலி, தைலம், ஒரு ரேடியோ. அம்புட்டையும் ஒன் வீட்லயே வச்சிட்டுத்தான வந்தேன். குப்பிய நீ பாத்தியா?"

"பாக்கல. வாசம் வந்துச்சு."

ஹாஜரா பீவி சிரித்தாள். "வாசத்தை வச்சு ஜமாத்துல பிராது குடுப்பியா? போட்டி, போய்ச் சோறாக்கு."

மூன்றாம் மாதம் தென்காசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மஃரிப் முடிந்து பெண்கள் பக்கம் நிறைய ஆரம்பித்திருந்தது. ஜன்னத் பேரீச்சம்பழத் தட்டோடு நின்றாள். ஹாஜரா பீவி வந்தாள். முதலில் வாசம் வந்தது, அப்புறம்தான் அவள் வந்தாள்.

"எக்கா, என்ன செண்டு இது? ஆளையே தூக்குது!" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எம் மவன் ஜித்தாவுலருந்து கொண்டாந்தான். சாயங்காலத்து விசேஷத்துக்குன்னே உள்ளது."

ஜன்னத் தட்டோடு கிட்டே போனாள். "மயினி... இது அவுக எனக்குக் கலந்தது."

ஹாஜரா பீவிக்கு முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "பாவம், மாப்பிள்ள போனதுலருந்து புத்தி ஒரு நெலையில இல்ல" என்றாள். கைப்பையைத் திறந்து, அந்தக் கறுத்த குப்பியை எடுத்து, மூடிக் குச்சியால் ஒரே ஒரு சொட்டு ஜன்னத்தின் புறங்கையில் வைத்தாள். "இந்தா, ஆசப்பட்டா பூசிக்கோ. எதுக்கு ஏங்குத?"

யாசகம் போட்ட மாதிரி. அத்தனை பேர் பார்க்க. தன் மாப்பிள்ளை தனக்காகக் கலந்ததில் ஒரு சொட்டு.

ஜன்னத் தட்டை வைத்துவிட்டு பஸ் ஏறினாள். ஐந்து வேளையும் தொழுகைக்கு ஒளு செய்து கழுவியும் ரெண்டு நாள் அந்த வாசம் கையில் இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அன்றைக்குத்தான் அழுதாள். பர்தாவின் கைநுனியில் கொஞ்சம் பட்டிருந்தது. அந்தத் துணியை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக்கி மூடினாள்.

அவள் என்ன யோசித்திருப்பாள்? குப்பியைத் திருடலாமா என்று யோசித்தாள். போட்டு உடைக்கலாமா என்று யோசித்தாள். உடைத்தால் மயினிக்கு ஒரு குப்பிதானே போகும். அது போதாது.

வழி தானாக வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் மவுத்தானாள். மய்யித்தைக் குளிப்பாட்டுகிற மைதீன் பாத்து என்கிற பெரியவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் ஜன்னத்தைக் கூப்பிட்டார்கள். குளிப்பாட்டி, மய்யித்தைப் பொதிகிற கஃபன் துணி விரித்து, பாத்து அதில் ரோஜா அத்தர் பூசினாள். எல்லோரும் பூசுவதுதான். மறுநாள் ஜன்னத் தென்காசி பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் ஒரு புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். அதே ரோஜா. ஜன்னத் தன்னை அறியாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். குளிப்பாட்டிய பலகை கண்ணில் வந்து நின்றது.

திருப்பிய மூஞ்சி திருப்பியபடியே இருந்தது. ஒரு வாசத்தையும் கொல்லலாம் என்று அவளுக்கு அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

நேராகத் தென்காசிக் கோவில் பக்கம் பிச்சுமணி அண்ணாச்சியின் நாட்டுமருந்துக் கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அகில் எண்ணெ வேணும்."

"அசலா, நாங்க அசல்னு சொல்லி விக்கதா?"

"ரெண்டாவது போதும். மய்யித்துக்குத்தான்."

"அப்பச் சரி. அவுக எந்திரிச்சு வந்து கொற சொல்லப் போறதில்ல" என்று அண்ணாச்சி அளந்து ஊற்றினார்.

ஜாதிபத்திரிக்கும் கிராம்புக்கும் குற்றாலத்தில் அதே கடை. பரீதின் குரலைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டே கலந்தாள். பாதி, கால் பங்கு, கண்ணால் பார்த்த அளவு. அரிசிப்பானைக்குப் பின்னால் இருட்டில் நாற்பது நாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து துணியை மோந்து பார்ப்பாள், சீசாவை மோந்து பார்ப்பாள். முதல் தடவை கிராம்பு தூக்கலாகிவிட்டது. ரெண்டாவது தடவை கஷாயம் மாதிரி இருந்தது. நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள்; எது துணி, எது சீசா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பாத்துவிடம் போய், "இனிமே நானே குளிப்பாட்டுதேன்" என்றாள். தெருவே வாயாரப் புகழ்ந்தது. சின்ன வயசுக்காரிகள் பயந்து ஒதுங்குகிற வேலையை அல்லாவுக்காக ஒருத்தி எடுத்துச் செய்கிறாளே என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளும் குறை வைக்கவில்லை. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரித்தான் அத்தனை பேரையும் குளிப்பாட்டினாள். கடைசியில் கஃபனில், நெற்றி படுகிற இடத்தில், அந்தக் கறுத்த வாசம். கடைசி முகம் பார்க்க வந்து குனிகிற ஒவ்வொருத்தி மூக்கிலும் அது ஏறியது. உம்மாவைப் பறிகொடுத்த மகள், தங்கச்சியைப் பறிகொடுத்த அக்கா. அழுதுகொண்டே மோந்த வாசம், எப்படி மறக்கும்?

ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. ஹாஜரா பீவிக்கு மய்யித்து வீடு என்றால் குலை நடுங்கும். வாசலோடு நின்று ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். உள்ளே போவது மகள் நஸீபாதான்.

இப்படி ரெண்டு வருஷம்.

கல்யாண வீடுகளில் ஹாஜரா பீவியைக் கண்டதும் முதலில் ஒன்றிரண்டு பேர் நாற்காலியை நகர்த்தினார்கள். முன்பு இடம் விட நகர்த்தினார்கள், இப்போது தள்ளிப் போக நகர்த்தினார்கள். ஒரு சின்னப்பிள்ளை அவள் மடியில் உட்காரமாட்டேன் என்று அழுதது. ஹாஜரா பீவி அத்தனையும் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டாள். இன்னும் ரெண்டு சொட்டுக் கூடப் போட்டாள்.

"உம்மா, அந்தச் செண்டு வேண்டாம்மா" என்று நஸீபா ஒருநாள் சொன்னாள். "அது... எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்காவ."

"ஜன்னத்து மாமி சொல்லிக் குடுத்தாளோ? வாய மூடு."

அந்த நஸீபாவுக்கே மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஸபூரா கடையநல்லூரில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். ஆடி மாதம், நல்ல சாரல். குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்து, மஃரிபுக்கு அப்புறம் நிச்சயம் என்று வைத்தார்கள். ஜன்னத்துக்கும் அழைப்பு வந்தது. நஸீபா பிடிவாதமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மய்யித்துக் குளிப்பாட்டுகிறவள் என்பதால் ஜன்னத் தானாகவே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நம் பக்கத்து விசேஷங்களில் வாசலில் நின்று வருகிறவர் கையில் அத்தர் பூசி வரவேற்பார்கள். ஹாஜரா பீவி அதற்கு வேறு யாரையும் விடவில்லை. பச்சைப் பட்டுக் கட்டி, கறுத்த குப்பியைக் கையில் பிடித்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தர் மணிக்கட்டிலும் தானே குச்சியால் தடவினாள். "ஜித்தாவுலருந்து வந்தது. சாதாரணமாக் கெடைக்காது" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள்.

ஸபூரா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பூசிய கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது எங்க உம்மாவுக்குப் பூசுன வாசம்லா."

ஆறு மாதத்துக்கு முன்னால்தான் அவள் உம்மா மவுத்தாகியிருந்தாள். "எங்க உம்மா கஃபன்ல இருந்த வாசம்" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் தன் கையை மோந்து பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் மோந்து பார்த்தாள். "ஆமா, எங்க மாமிக்கும் இதுதான்." "யா அல்லா, மய்யித்து வாசத்தையா நிச்சய வீட்ல பூசுதீய?"

ஸபூரா கூட்டத்தில் தேடினாள். "ஜன்னத்து! நீதான குளிப்பாட்டுன. சொல்லு, இது ஒன் அத்தர்தான?"

ஜன்னத் எழுந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காக ரெண்டு வருஷம் காத்திருந்தவள். அவசரப்படவில்லை.

"ஆமா ஸபூரா. எம் மாப்பிள்ள கலந்த வாசம். எந்தக் கடையிலயும் கெடையாது. இந்த ஒலகத்துல ரெண்டே எடத்துலதான் உண்டு. ஒண்ணு, அவுக குரலைக் கேட்டு நான் கலந்து மய்யித்துக்குப் பூசுதது. இன்னொண்ணு, துபாய்லருந்து அவுக பெட்டியில வந்து காணாமப் போன குப்பி." ஹாஜரா பீவியின் கையைப் பார்த்தாள். "வாசத்தை வச்சுப் பிராது குடுக்க முடியுமான்னு கேட்டியள்லா மயினி? இப்பக் குடுக்கேன்."

யாரும் ஹாஜரா பீவியைத் திட்டவில்லை. ஒருத்தி எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பட்டும் நகையுமாக இருபது, இருபத்தஞ்சு பெண்கள் சாரலில் வரிசையாக நின்று சோப்புப் போட்டு மணிக்கட்டைத் தேய்த்தார்கள். தேய்த்தார்கள், மோந்தார்கள், மறுபடி தேய்த்தார்கள். அது எங்கே போகும்? பரீது கலந்தது. கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

நிச்சயம் நின்றுவிடவில்லை, பயப்படாதீர்கள். நஸீபா நல்ல பிள்ளை என்று ஸபூராவுக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மோதிரம் போட்டாள். ஆனால் பெண்ணைப் பெற்றவளை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. வாசலில் குப்பியைப் பிடித்தபடி ஹாஜரா பீவி நின்றாள், நின்றாள், கடைசி வேன் கிளம்புகிற வரைக்கும் நின்றாள்.

நாலாம் நாள் சாயங்காலம் அஸர் நேரத்துக்கு அவள் ஜன்னத் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பட்டும் இல்லை, தோரணையும் இல்லை. கைக்குட்டையில் சுற்றிய குப்பியை நீட்டினாள்.

"எடுத்துக்கோ. நான்தான் எடுத்தேன். எந் தம்பி எனக்கு ஒரு குப்பி கலக்கலியேன்னு இருந்துச்சு. அவன வளத்தவ நான். பெட்டியத் தொறந்தா குப்பிக்கு அடியில ஒம் பேரு எழுதி இருக்கு."

ஹாஜரா பீவி குப்பியை இன்னும் முன்னால் நீட்டினாள்.

"வீட்ல வைக்க முடியலட்டி. மவ பேச மாட்டேங்கா. உள்ள போட்டுப் பூட்டுனாலும் வாசம் வருது. ராவும் பகலும் யாரையோ வீட்ல கெடத்தியிருக்க மாதிரியே இருக்கு. வாங்கிக்கோ."

குப்பியின் அடியில் ஜன்னத்தின் பெயர், பரீதின் கோணல் எழுத்தில். கால்வாசி மிச்சம். இதற்காகத்தானே இத்தனையும். ஜன்னத் மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

பலகைதான் வந்தது. ஸபூராவின் உம்மா வந்தாள். பிரசவத்தில் போன சின்னப்பெண் வந்தாள். அவள் கையால் குளிப்பாட்டிய பதினாலு பேரும் ஈரத்தலையோடு வந்து வரிசையாக நின்றார்கள். பரீதை மட்டும் காணோம்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது, கண்ணுகளா. அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து அழுதிருந்தால், மயினியும் அழுதிருந்தால், ரெண்டு பேருக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் அழவில்லை. மூடியை இறுக்கித் திருகினாள். கைக்குட்டையில் பழையபடி சுற்றினாள். ஹாஜரா பீவியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"கொண்டு போங்க மயினி. ஒங்ககிட்டயே இருக்கட்டும். பத்திரமா வைங்க, கீழ ஊத்தியிராதிய. ஒங்களக் குளிப்பாட்ட நான்தான வரணும்? ஒங்களுக்கு நான் கலந்தது வேண்டாம். தம்பி கலந்ததையே பூசுதேன்."

ஹாஜரா பீவி குப்பியைப் பிடித்த கையை உடம்பைவிட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டே தெருவில் நடந்து போனாள்.

அதற்கப்புறம் ஜன்னத் பழையபடி ரோஜா அத்தருக்கு மாறிவிட்டாள். சீசாவில் இருந்ததை எல்லாம் வாய்க்காலில் கொட்டி, பிஸ்கட் டப்பாத் துணியையும் கூடவே விட்டுவிட்டாள். கடையநல்லூரில் அந்த வாசம் இப்போது ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது.

மாடிவீட்டு வேலைக்காரி தெருவில் போகும்போதெல்லாம் ஜன்னத் கூப்பிட்டு நிறுத்துவாள். போன வாரம் ஹாஜரா பீவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, தூக்குச்சட்டியில் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்துக் கொடுத்துவிட்டாள். முகத்தில் அத்தனை கரிசனம்.

"மயினிக்கு இப்ப எப்பிடி இருக்கு? நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு. எந்நேரம்னாலும் கூப்பிடச் சொல்லு. வந்துருதேன்."